யாழினி: ஒரு பெயரின் பொருளும் பிறப்பும்



பெண் குழந்தைக்குத் தமிழ்ப்பெயர் தேடும் பெற்றோரை இன்று ஈர்க்கும் பெயர்களுள் ஒன்று யாழினி. சரஸ்வதிகளும் லெட்சுமிகளும் மிகுந்திருந்த என் தலைமுறையின் வகுப்பறைகளில் இது கேட்டறியாத பெயர். இதனைச் சங்ககாலப் பெயர் என்று சொல்லி மகிழ்வோர் உளர். அது சரியன்று. சங்கநூல்களில் ஔவை உண்டு; நச்செள்ளை உண்டு; ஆதிமந்தி உண்டு. யாழினி என்னும் பெண் இல்லை. இது நம் காலத்துச் சொல்லாக்கம். அதனால் இதன் மதிப்புக் குறைந்துவிடாது என்பதே என் கருத்து.

முதற்பகுதியில் ஐயமில்லை. யாழ் பழந்தமிழரின் நரம்புக் கருவி. பேரியாழுக்கு 21 நரம்புகள், செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர் வழி அறிகிறோம். காலப்போக்கில் வீணை ஓங்கியது, யாழ் வழக்கொழிந்தது. அதன் அமைப்பையும் பண்களையும் ஆராய்ந்து விபுலானந்த அடிகள் எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. வழக்கொழிந்த ஒரு கருவியின் பெயரைத்தான் நாம் குழந்தைகளுக்குச் சூட்டுகிறோம்.

சிக்கல் பிற்பகுதியில் இருக்கிறது. ‘யாழ்போல் இனியவள்’ என்று பெரும்பாலோர் பொருள் கூறுவர்; 66ஆம் குறளையும் துணைக்கழைப்பர். அக்குறளோ குழலையும் யாழையும் விட மழலையே இனிது என்கிறது. ஆகவே யாழினி என்று பெயர் பெற்ற குழந்தை, பேசத் தொடங்கிய அன்றே தன் பெயரை வென்றுவிடுகிறாள்! இப்பொருள் இனிமையானதே; இலக்கணத்தில்தான் சற்று நெருடுகிறது. இனிமைப் பண்பினின்று பிறக்கும் பெண்பாற் பெயர்கள் இனியள், இனியாள், இனியவள் என வரும். ‘இனி’ என்று தனித்து நின்றால் ‘இனிமேல்’ என்ற பொருளே முந்துகிறது.

பத்மினி, மாலினி போன்ற வடமொழிப் பெயர்களை நோக்குங்கள். அவற்றின் ஈறு ‘உடையவள்’ என்னும் பொருள் தருவது; மாலையை உடையவள் மாலினி. இவ்வோசை நம் செவிக்கு நெடுநாட் பழக்கம். அந்த வார்ப்பில் யாழ் என்னும் தமிழ்ச்சொல்லை ஊற்றியபோது யாழினி பிறந்தது என்று கருதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. பாணர்குலத்துப் பாடல் மகளைப் ‘பாடினி’ என்றே சங்கநூல்கள் சுட்டுகின்றன. அங்கு ஈற்று இகரம் பெண்பால் விகுதி. பொருநராற்றுப்படையில் யாழின் வருணனையை அடுத்துப் பாடினியின் வருணனை வருகிறது. பாடுபவள் பாடினி என்றால், யாழை உடையவள் யாழினி என்பது அதனோடு ஒத்து நிற்கும் சொல்லே. பெற்றோர் இலக்கணம் பார்த்துச் சூட்டவில்லை. அவர்தம் செவி பிழைபடவில்லை.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயர்களையும் மாற்றியது. தமிழ்ச்செல்வி, மலர்விழி போன்ற நெடும்பெயர்கள் பரவின. இன்றைய பெற்றோர் குறும்பெயரை நாடுகின்றனர். யாழினி மூன்றே எழுத்து. அவற்றுள் ஒன்று ழகரம். ஈழத்தமிழருக்கோ இது யாழ்ப்பாணத்தையும் நினைவூட்டும். கான் திரைப்பட விழாவில் 2015இல் தலைமைப் பரிசு பெற்ற ‘தீபன்’ படத்தின் தலைமைப் பெண்பாத்திரத்தின் பெயரும் இதுவே.

இனி, நம் நாட்டில் இப்பெயர் படும் பாட்டைப் பார்ப்போம். பிறப்புச் சான்றிதழில் பெயர் உரோமன் எழுத்தில் பதிவாகிறது. தமிழகத்து வழக்கப்படி ழகரத்துக்கு ‘இசட்’, ‘எச்’ என இரண்டெழுத்தை இடுகின்றனர். எழுதியவாறே ஒலிப்பது மலாய் வாசிப்பு. அதில் குழந்தை ‘யாஸ்ஹினி’ ஆகிறாள். ஆயுள் முழுதும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஈழத்தமிழர் ‘எல்’ இடுவர். சிலர் அதன்முன் ‘ஆர்’ சேர்ப்பர். என்னைக் கேட்டால் ‘எல்’ போதும் என்பேன். தமிழ் என்னும் பெயரையே உலகம் அவ்வெழுத்தால்தான் எழுதுகிறது. ஆயினும் அந்த ‘ஆர்’ அறியாமையால் சேர்ந்ததன்று. நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட, ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியர் இரண்டையும் ஒருசேர வைத்தார்.

தமிழரே ‘யாளினி’ என்றழைப்பதுதான் எனக்கு வருத்தம். யாளி என்பது கோயில் தூண்களில் நாம் காணும், சிங்க உடலும் துதிக்கையும் கொண்ட விலங்கு. பெற்றோர் அதனை எண்ணிப் பெயரிடவில்லை.

முதலாம் ஆண்டு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகைப் பதிவேட்டில் உரோமன் எழுத்தின் அருகே ஒவ்வொரு பெயரையும் தமிழிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் கேட்டே எழுதுங்கள். ஒரே உரோமன் வடிவத்துக்குப் பின்னால் லகரமும் இருக்கலாம், ளகரமும் இருக்கலாம், ழகரமும் இருக்கலாம். பள்ளி தொடங்கும் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடலாம். ஒரு வகுப்புக்கு அரைமணி நேரம் போதும்.