பெரிய இஸ்திரிப் பலகை செய்வோம்



துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது நம் நாட்டின் பழைய கைத்தொழில். மகாராஷ்டிரத்தில் அதைக் கோதடி என்பார்கள். கர்நாடகத்தில் கௌதி என்பார்கள். நீங்களும் தைக்கிறீர்கள். மகிழ்ச்சி.

தைத்த துண்டுகளை எங்கே வைத்து இஸ்திரி போடுகிறீர்கள்? தரையிலா? குனிந்து குனிந்து இடுப்பு வலிக்குமே! கட்டிலில், ஸ்பாஞ்சு மெத்தைமேலா? அது ஆபத்து. ஸ்பாஞ்சில் தீப்பிடித்தால் வேகமாகப் பரவும். அதன் புகை உயிரைக் குடிக்கும்.

சிறிய பலகையும் போதாது. போர்வை கீழே தொங்கும். அந்த எடை தையலை இழுக்கும். சதுரம் கோணலாகும். கோணல் போர்வையை யார் வாங்குவார்கள்?

ஆகவே, பெரிய பலகை ஒன்றை நாமே செய்வோம்.

4 அடி நீளம், 2 அடி அகலத்தில் பிளைவுட் பலகை வாங்குங்கள். 18 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். வர்ணம் பூச வேண்டாம். சூட்டில் அது இளகி ஒட்டும். ஒரு கம்பளியும், 5 அடிக்கு 3 அடி கெட்டியான பருத்தித் துணியும் வேண்டும். அரை அங்குல ஆணிகளும் வேண்டும்.

கம்பளி அசல்தானா? ஒரு நூலை உருவுங்கள். இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் அசல் கம்பளி. உருகிக் கெட்டி உருண்டையானால் செயற்கை நூல். அது வேண்டாம். சூட்டில் உருகும்.

பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். கம்பளியைப் பலகை அளவுக்கு இரண்டு மடிப்பாக விரியுங்கள். அதன்மேல் பருத்தித் துணியை இழுத்துப் போர்த்துங்கள். ஓரங்களைப் பலகையின் அடியில் மடித்து ஆணி அடியுங்கள். முதலில் நான்கு பக்கமும் நடுவில் அடியுங்கள். மூலைகள் கடைசியில். சுருக்கம் விழாது.

இடுப்பு உயர மேசைமேல் பலகையை வையுங்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காதீர்கள். அழுத்தி எடுங்கள். தையல் நேராக நிற்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்தப் பலகை சூட்டைத் தாங்கும். மறந்து வைத்த பெட்டியைத் தாங்காது! பெட்டியை இரும்புத் தட்டில் அல்லது செங்கல்மேல் வையுங்கள். எழுந்து போகும்போது பிளக்கை எடுத்துவிடுங்கள். அணைத்த பிறகும் பெட்டி வெகுநேரம் சுடும். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பலகை செய்யலாம். செலவு குறையும். அளவுகளை உங்கள் கையாலேயே சீட்டில் எழுதுங்கள். அந்தச் சீட்டைத் தச்சரிடம் கொடுங்கள். அவர் அளந்து வெட்டியதும், நீங்களே சரிபாருங்கள்.