பிரிக்காத உறை

(வானொலி மறையுரை. நற்செய்தி: லூக்கா 4:16-21)



திருச்சுழிப் பக்கம் ஒரு சிற்றூரில் ஒரு குடும்பத்தை வழியனுப்பப் போயிருந்தேன். இரண்டு வருடமாகக் கண்மாய் பெருகவில்லை. கரிசலில் போட்ட பருத்தியும் கருகிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினார்கள். பீரோ, கட்டில், கிரைண்டர், டி.வி. எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. வெறும் வீட்டில், சுவர் மாடத்தில் ஒரு விவிலியம் மட்டும் இருந்தது. திருமணப் பரிசாக வந்தது. மேலுறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"அழுக்காயிரும்னு பிரிக்கவே இல்ல சாமி" என்றார் அந்தத் தாய். மரியாதையோடுதான் சொன்னார். எனக்குக் கொச்சி நினைவுக்கு வந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. பரதேசி தொழுகைக்கூடம் என்பார்கள். நம் ஊர்க் கோவில்களைப் போலச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தரையில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த, கையால் வரைந்த நீலப்பூ ஓடுகள். மேலே தொங்கும் விளக்குகள். முன்னால் செதுக்கிய மரப்பேழை. அதற்குள் திருச்சட்டச் சுருள்கள். ஒரு சுருளுக்குத் திருவிதாங்கூர் மன்னர் 1805-இல் பொற்கிரீடம் அளித்ததாகச் சொல்கிறார்கள். இந்து மன்னர் ஒருவர் யூதரின் மறைநூலுக்குச் செய்த மரியாதை அது.

அந்தச் சுருளில் 3,04,805 எழுத்துகள். அத்தனையும் தோலில் கையால் எழுதப்படுபவை. ஓர் எழுத்து பிழையானாலும், திருத்தும்வரை அதை வழிபாட்டில் வாசிக்க மாட்டார்கள். வெள்ளித் தகடு போர்த்திய மரக்கூட்டுக்குள் சுருள் நிற்கும். வாசிக்கும்போது எழுத்தின்மேல் விரல் படக்கூடாது என்பதற்காக, நுனியில் சின்னக் கை செய்த ஒரு கோலால் சுட்டிக்காட்டி வாசிப்பார்கள்.

இவ்வளவு மரியாதை! ஆனாலும் யூதர்கள் அதைப் பூட்டி வைத்துவிடுவதில்லை. ஓய்வுநாள்தோறும் திறக்கிறார்கள். திங்களும் வியாழனும்கூட வாசிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, கடைசிப் பகுதியை முடித்த அன்றே முதல் பகுதியைத் தொடங்கி, சுருள்களைத் தோளில் ஏந்தி ஆடிப் பாடிச் சுற்றிவருகிறார்கள். நாசரேத்தில் நம் ஆண்டவர் கையில் கொடுக்கப்பட்டதும் இப்படி ஒரு சுருள்தான். அவர் அதைப் பிரித்தார், வாசித்தார், ஏவலரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்று இது நிறைவேறிற்று என்றார். பிரித்ததால்தானே நமக்கு நற்செய்தி கிடைத்தது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கத்தோடு. அந்தக் கொச்சித் தொழுகைக்கூடத்தை 1662-இல் சேதப்படுத்தியவர்கள் போர்த்துக்கீசியர். நம்மைப் போலக் கத்தோலிக்கர்கள். இரண்டே ஆண்டில் அது மீண்டும் எழுப்பப்பட்டது. ஆண்டவர் வளர்ந்த மக்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதை மறக்கலாகாது. 1965-இல் நம் திருச்சங்கம் யூத வெறுப்பைக் கண்டித்தது அதனால்தான்.

1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குப் புறப்பட்டார்கள். கூடங்களும் சுவர்களும் இங்கேயே நின்றுவிட்டன. கடவும்பாகம் என்ற கூடத்தின் மர வேலைப்பாடுகள் பின்னாளில் எருசலேம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஆனால் திருச்சுருள்களை அவர்கள் தங்களோடு எடுத்துப் போனார்கள். காயலும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்களில் பலருக்குக் கிடைத்தது நெகேபு பாலைநிலம். அங்கே ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழைதான். நம் அருப்புக்கோட்டைச் சீமையை நாம் வறண்டது என்கிறோம். இது அதைவிட வறண்ட பூமி! அந்த நிலத்தில் நெவாத்திம் என்ற ஊரில் குடியேறி, தொழுகைக்கூடம் கட்டி, சுருளை மறுபடி விரித்து வாசித்தார்கள்.

விடுதலைப் பயணம் 25-ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பேழைக்குப் பொன் வேயச் சொன்ன ஆண்டவர், அதைத் தூக்கும் தண்டுகளை வளையங்களிலிருந்து கழற்றவே கூடாது என்கிறார். ஏன்? அவருடைய மக்கள் நடந்துகொண்டே இருப்பவர்கள். வார்த்தையும் எந்நேரமும் கூடவே புறப்படத் தயாராக இருக்க வேண்டும்.

அன்புக்குரியவர்களே, நம் மண்ணிலும் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன! பிள்ளைகள் திருப்பூரில், சென்னையில், வளைகுடாவில். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, வயிறு கேட்காது. ஒன்றை மட்டும் கேட்கிறேன்: கிரைண்டர் ஏறிய வண்டியில் இறைவார்த்தையும் ஏறட்டும்.

அன்று அந்த வீட்டில் கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் மூட்டைக்குள் போய்விட்டன. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் அந்த உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். வாசற்படியில் நின்று, லூக்கா நான்காம் அதிகாரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விவிலியம் மகளின் மடியில் ஏறிப் போயிற்று.

உங்கள் வீட்டு விவிலியத்துக்கு நம் ஊர்த் தறியில் நெய்த நல்ல துணி ஒன்றைப் போர்த்துங்கள். பக்கத்தில் விளக்கும் ஏற்றுங்கள். அதோடு, இரவு உணவுக்கு முன் பத்து வரி வாசியுங்கள். ஓரங்கள் அழுக்காகட்டும். ஆண்டவருக்கு அந்த அழுக்கு பொற்கிரீடம்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போகும் எம் மக்களோடு உம் வார்த்தையும் வழிநடப்பதாக. ஆமென்.