நடுவர்களும் வினாவுக்கு உட்பட்டவர்களே!

(கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பாண்டியன் அவையில் கண்ணகி வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒற்றைச் சிலம்பைச் சான்றாக ஏந்தி நின்றாள். தன் பிழையுணர்ந்த மன்னனோ அங்கேயே உயிர் துறந்தான். முறை வழங்குவோனைக் குடிமகள் ஒருத்தி வினவலாம் என்பது நம் மரபு. அவ்வுரிமை இன்று எந்நிலையில் உள்ளது?

உயர் முறைமன்ற நடுவர் ஒருவரை நீக்கும் நடவடிக்கையைக் குடிமக்கள் நேரே தொடங்க முடியாது. மக்களவையில் 100 உறுப்பினரோ, மாநிலங்களவையில் 50 உறுப்பினரோ ஒப்பமிட வேண்டும். அவைத்தலைவர் அதனை ஏற்றால், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி மூவர் குழு உசாவும். குற்றம் மெய்ப்பட்டால், ஈரவைகளிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இருபங்கும் வேண்டும். ஆட்சியாளர் தமக்கு ஒவ்வாத நடுவரைத் தூக்கியெறியாதிருக்க இட்ட வேலி இது. வேலி வேண்டியதே. ஆனால், பயிருக்கிட்ட வேலி களைக்கும் காவலாகலாமா?

நடந்தவற்றைப் பாருங்கள். பஞ்சாப்-அரியானா தலைமை நடுவராயிருந்த காலத்துப் பொதுப்பணச் செலவு பற்றி வி. இராமசாமி மீது எழுந்த குற்றச்சாட்டுகளுள் பலவற்றை மூவர் குழு மெய்யெனக் கண்டது. 1993 மே மாதம் மக்களவையில் 196 பேர் நீக்கத்தை ஆதரித்தனர். காங்கிரசாரும் தோழமைக் கட்சியினருமாக 205 பேர் வாக்களிக்காது வாளா இருந்தனர். முன்மொழிவு வீழ்ந்தது. எதிர்வாக்கு ஒன்றுகூட விழவில்லை, வாய்மூடியிருந்தே வீழ்த்தினர்!

அடுத்தது நம் மண்ணின் செய்தி. 2009இல் கருநாடகத் தலைமை நடுவர் பி. டி. தினகரன் உச்ச முறைமன்றத்திற்குப் பரிந்துரைக்கப்பட்டார். திருவள்ளூர் மாவட்டத்துக் காவேரிராசபுரத்தில் அவர் அரசு நிலத்தை வளைத்துக்கொண்டார் என ஊர் மக்கள் முறையிட்டனர்; அவர் மறுத்தார். சென்னை வழக்குரைஞர்கள் ஆவணங்களைத் திரட்டி உச்ச முறைமன்றத்திடம் அளித்தனர். மாநிலங்களவை உறுப்பினர் 75 பேர் ஒப்பமிட்டனர். 2010இல் மூவர் குழு அமைந்தது. 2011 சூலையில் அவர் பொறுப்பை விட்டு விலகினார். குழுவும் கலைந்தது. குற்றம் மெய்யா பொய்யா என்னும் முடிவு ஊராருக்கும் கிட்டவில்லை, அவருக்கும் கிட்டவில்லை.

அதே ஆண்டு, கல்கத்தா நடுவர் சௌமித்திர சென்னை நீக்க மாநிலங்களவையில் 189 பேர் வாக்களித்தனர். மக்களவை கூடி முடிவெடுக்குமுன் அவரும் விலகிக்கொண்டார்.

ஆகவே நம் கோரிக்கை ஒன்றே: நடுவர் விலகினாலும் உசாவல் முடியும்வரை நடக்கட்டும், அதன் முடிவு மக்கள்முன் வைக்கப்படட்டும். குற்றமற்றவராயின் அவர் பெயர் துலங்கும். குற்றமுடையவராயின் நாடு அறியும். இதனால் நேர்மையான நடுவருக்கு என்ன இழப்பு?

முறைமன்றத்தை இழித்த குற்றம் சாட்டப்படுமோ என அஞ்சுவோர் உளர். பொதுநலன் கருதி நேர்மையோடு கூறப்படும் உண்மையைத் தக்க மறுமொழியாக ஏற்க, 2006ஆம் ஆண்டுத் திருத்தம் மன்றுக்கு இடமளிக்கிறது. உண்மைக்குத்தான் அக்காப்பு, வசைக்கும் வதந்திக்கும் இல்லை. தீர்ப்பு நமக்கு எதிரானதென்பதாலேயே நடுவரைப் பழிப்பதும் அறமன்று.

எனவே, நிலப்பதிவேட்டைத் தேடுங்கள். நாளும் எண்ணும் குறியுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் வாயிலில் நின்று ஒப்பம் கேளுங்கள். அவர் வாளா இருந்தால், ஏன் இருந்தார் என்று அடுத்த தேர்தலில் வினவுங்கள். சிலம்பு கையிலிருந்தால் குரல் நடுங்காது!