குற்றக்கதை நாடகமும் எதிர்பாராத திருப்பமும்

மாலை விளக்கேற்றிய பின் தொலைக்காட்சியின் முன் அமர்வோருள் குற்றக்கதை நாடகத்தை விரும்பாதார் சிலரே. கொலையொன்று நிகழ்கிறது. ஐயத்துக்கு இடமானோர் ஐவரோ அறுவரோ வந்து நிற்கின்றனர். வீட்டிலுள்ளோர் ஆளுக்கொரு பெயரைக் குறித்து, ‘இவனே கொலைஞன்’ என்று சாதிக்கின்றனர். இறுதியில், எவரும் எண்ணாத ஒருவர் குற்றவாளியாக வெளிப்படுகிறார். சொன்னது பொய்த்தவர்க்கு ஏமாற்றம் வரவேண்டும், வருவதோ மகிழ்ச்சி! இதன் காரணம் யாது?

முடிவு புதிதாயிருப்பது மட்டுமே காரணமெனின், முடிவு தெரிந்த கதையை எவரும் மீண்டும் நாடார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவமோ வேறு. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகத் தோன்றிய மயான காண்டம் என்னும் இசை நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தோர் பலர். அதுவும் ஒருவகையில் குற்றக்கதையே. காசி மன்னனின் குழந்தை கொல்லப்பட்டுக் கிடக்கிறது. அதனருகே காணப்பட்ட சந்திரமதி கொலைகாரி எனப் பிடிபடுகிறாள். அவளை வெட்டும் பணி கணவன் கைக்கே வருகிறது. அவள் குற்றமற்றவள் என்பதை அவையோர் அறிவர். தீர்ப்புரைத்த மன்னன் அறியான். அவையோரின் நெஞ்சு பதைப்பது அதனாலேயே.

துப்பறியும் நாடகம் இந்நிலையைத் தலைகீழாக்குகிறது. அங்கு மன்னன் செய்த பிழையை இங்குப் பார்ப்பவரே செய்கின்றனர். கண்டதைக்கொண்டு காணாததைத் தீர்மானித்துவிடுகின்றனர். திருப்பம் அப்பிழையை அவர்களுக்கே எடுத்துக்காட்டுகிறது.

தமிழில் இதனைத் திறம்படச் செய்த முன்னோடி, 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ என்னும் திரைப்படம். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் அதனை இயக்கினார். பாடல் ஒன்றேனும் அதில் இல்லை. 1943இல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய காலத்தில் கதை நடக்கிறது. சிவாஜி கணேசன் ஏற்ற வானொலிப் பொறியியலாளன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான். தம்பி, அயலவர் எனப் பலர்மீதும் ஐயம் படர்கிறது. முடிவிலோ, அவன் மாற்றாருக்கு உளவு சொன்னவன் என்பதும், நாட்டுப்பற்று மிக்க அவன் மனைவியின் கைத்துப்பாக்கியே அவன் உயிரைப் போக்கியது என்பதும் தெரியவருகின்றன. கொலைஞரைத் தேடிச் சென்றவர், கொலையுண்டவன் யார் என்பதையே அறியாதிருந்ததை அப்போதே உணர்கின்றனர்.

தொலைக்காட்சியில் 1990களில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ மற்றோர் எடுத்துக்காட்டு. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய தொடர் அது. கருப்பசாமியே குதிரையேறி வந்து குற்றவாளிகளைத் தண்டிக்கிறார் என ஊர் நம்புகிறது. உண்மையில் அவை மனம் பிளவுபட்ட ஒருவனின் செயல்கள். அவனும் அதனை அறியான். அச்சம் நீங்கிய இடத்தில் இரக்கம் பிறக்கிறது.

ஆயினும் எல்லாத் திருப்பமும் நல்ல திருப்பமாகா. குடாநாட்டுப் பாட்டிமார் பேரர்க்கு நொடி போடுவர். விடையைக் கேட்டதும், ‘அட, இது தோன்றாமற் போயிற்றே!’ என்று பிள்ளைகள் சிரிப்பர். விடை நொடிக்குள்ளேயே மறைந்திருப்பதால் அன்றோ அச்சிரிப்பு எழுகிறது? அவ்வாறின்றி வெளியிலிருந்து ஒரு விடையைக் கொணர்ந்தால் பிள்ளைகள் சண்டைக்கு வருவர். ஆங்கிலப் பாதிரியாரும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்ட் நொக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளும் இந்நேர்மையையே வேண்டின. துப்பறிவோன் காணும் தடயத்தை வாசகர்க்கு மறைத்தல் ஆகாது என்பது அவற்றுள் ஒன்று. தடயமின்றி, கடைசி நாளில் எங்கிருந்தோ ஓர் இரட்டைப் பிறவியைக் கொண்டுவந்து நிறுத்தும் தொடர், பார்ப்போரை வெல்லவில்லை, வஞ்சிக்கிறது.

இது பொழுதுபோக்கின் இலக்கணம் மட்டுமன்று. ஒழுங்கையில் ஒரு வீட்டில் நகையொன்று காணாமற்போனால், கூலிக்கு வந்த பிள்ளையின் பெயரே முதலில் அடிபடுகிறது. சில நாட் கழித்து அந்நகை அலுமாரியின் அடித்தட்டிலே கிடைப்பதும் உண்டு. நகை மீண்டது, அப்பிள்ளையின் பெயர் மீண்டதா? நாடகத்தில் தவறாகக் குறித்த பெயரால் எவர்க்கும் தீங்கில்லை. வாழ்க்கையில் அவ்வாறன்று. திரையில் பலமுறை தோற்றவர், அயலவர்மீது சுட்டுவிரல் நீட்டுமுன் ஒருகணம் தாமதிப்பாராயின், அத்தோல்வி பயனுடைய தோல்வியே.