நம் காலடி ஜலம்
(விருத்தாசலத்தில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மணிமுத்தாற்றங்கரையிற் பிறந்த நாம் ஜலத்திற்கு ஏங்குவோமென்று நம் பாட்டனார் கனவிலும் எண்ணியிரார். இப்பிரதேசத்தில் குழாய் இறக்கிய மாத்திரத்தில், யந்திரமின்றியே ஊற்று மேற்பொங்கிய காலமுண்டு. இன்றோ பாதாளத்தினின்று மோட்டார் வைத்து இறைக்கிறோம்.

காரணம் ஒன்றன்று. 1956-ல் ஸ்தாபிதமான நெய்வேலிக் கம்பெனியார் பழுப்பு நிலக்கரி வெட்டுங்கால், அப்படுகையின் கீழ் மணற்கல்லில் அடைபட்டிருக்கும் ஜலம் சுரங்கத்தின் தரையைப் பிளந்து மேலெழக்கூடும். அதைத் தடுக்க இரவும் பகலும் இறைக்கிறார்கள். அது மின்நிலையத்திற்கும் வயல்களுக்கும் உதவுகிறதென்பதை மறைப்பது நியாயமன்று.

நிற்க. பழியனைத்தையும் சுரங்கத்தின் தலையிற் சுமத்திவிட்டு, இலவச மின்சாரத்தில் கரும்புக்கும் நெல்லுக்கும் நாம் இறைப்பதை மறக்கலாமா?

அம்மணற்கல் நம் பக்கத்துச் செம்மண் மேடுகளில் தரைக்கு வந்து வெளிப்படுகிறது. மழை உட்புகும் வாசல் அதுவே. முந்திரித் தோப்பை அழித்து அம்மேட்டை மனைகளாக்கி விற்போரில் நம்மவரும் உளர். பெயர் சொல்ல நமக்கு மனமில்லை.

ஆதலால் அங்கத்தினர் யாவரும் வைகாசிக்குள் தத்தம் கிராமத்து ஏரியின் வரத்துக் கால்வாயை நடந்து பார்த்து, அடைபட்ட இடங்களைக் காரியதரிசிக்கு எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆக்கிரமித்தவர் நம் சம்பந்தியாயினும் எழுதுக.