செம்பனையின் 'கர்மா'



பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலேறினால், இன்று இருபுறமும் நாம் காண்பது பெரும்பாலும் வீடுகளும் தொழிற்சாலைகளுமே. ஆனால் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது ரப்பரும் செம்பனையும் அல்லவா? 1917-ஆம் ஆண்டில், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் செம்பனை இந்நாட்டில் முதன்முதலாக வாணிபத்திற்காக நடப்பட்டது.

நன்றாகக் காய்க்கும் மரம் ஒன்று இருக்கிறது. அதைப் போலவே ஆயிரம் மரம் வேண்டும் என்றால் என்ன செய்வது? வாழையைப் போல் செம்பனைக்குப் பக்கக்கன்று இல்லை. ஆகவே அறிஞர்கள் அந்த மரத்தின் சிறு துண்டைக் குடுவையில் வளர்த்துக் கன்றுகள் எடுத்தார்கள். இதற்குத் திசு வளர்ப்பு என்று பெயர். ஆனால் சில மரங்களில் பழம் கோணிப் பிறந்தது; காய் உதிர்ந்தது; எண்ணெய் குறைந்தது. நட்டு ஏறக்குறைய மூன்று ஆண்டு சென்ற பிறகே குறை தெரியும். அதுவரை போட்ட உரமும் களையெடுத்த உழைப்பும் வீண்!

ஒரே தாய் மரத்தின் பிள்ளைகளுள் ஏன் இந்த வேறுபாடு?

உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதிலுள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை படியெடுக்கப்படுகிறது. எழுத்துப் பிழை நேர்ந்தால் திருத்தவும் அணுவுக்குள்ளேயே ஏற்பாடு உண்டு. இன்னொன்றும் உண்டு. 'இப்பகுதி பேச வேண்டாம்' என்று சில இடங்களில் மெத்தில் என்னும் சிறு இரசாயனக் குறி இடப்பட்டிருக்கும். வெட்டக்கூடாத மரத்துக்கு நாம் சாயம் பூசுவதைப் போன்றது அது.

அணு தன் டி.என்.ஏ.வை எவ்வாறு வாயடைக்கிறது என்பதை ஈஸ்ட் இனத்தில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ராபர்ட் மார்டியன்சன். ஆப்பிரிக்கச் சிறுதானிய மதுவில் கண்டெடுத்த ஈஸ்ட் ஒன்றில், ஆர்.என்.ஏ. என்னும் சிறு துணுக்குகள் இப்பணிக்கு உதவுவதை அவர் குழு 2002-இல் காட்டியது. அந்த ஈஸ்ட்டின் டி.என்.ஏ.வில் மெத்தில் குறி இல்லை. அது வேறு முறையில் வாயடைக்கிறது. செடிகளிலோ இரண்டும் கைகோத்து நிற்கின்றன.

அவரே மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்துடன் சேர்ந்து உழைத்தார். மெய்லினா ஓங் அப்துல்லா, ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலானோர் இடம்பெற்ற அக்குழு 2015-இல் விடை கண்டது. பூவின் உறுப்பை அமைக்கும் மரபணு ஒன்றின் நடுவே 'கர்மா' என்னும் துண்டு உறங்குகிறது. அதன்மேல் மெத்தில் குறி இருந்தால் பழம் நல்லது. குறி அழிந்தால் பழம் கோணும். டி.என்.ஏ.வின் எழுத்து மாறவில்லை, குறிதான் போயிற்று. வினை அங்கே!

இதனால் என்ன பயன்? கன்று சிறிதாக இருக்கும்போதே இலையைச் சோதித்து, கெட்டதை விலக்க வழி பிறந்தது. மூன்று ஆண்டு ஏமாற்றம் மிச்சம்.

மரம் கோணிக் காய்த்தால், உரம் போட்டவரையும் களையெடுத்தவரையும் பழிக்கும் முன் சற்றுப் பொறுப்போம். குற்றம் அவர்கள் கையில் இல்லாமல், நாம் காணாத ஒரு சிறு குறியில் இருக்கலாம்.