தாத்தாவின் பேனாக்கத்தியும் லாரிப் பட்டையும்

இந்த வாரம் கோடும் இல்லை, ஏஐயும் இல்லை. ஒரு கத்தியைப் பத்திப் பேசப்போறோம். பயப்படாதீங்க, சட்டைப் பைக்குள்ள அடங்குற மடக்குக் கத்திதான். எங்க தாத்தா அதை பேனாக்கத்தின்னு சொல்வார்.

தாத்தா வைகைக் கரையோரம் விவசாயம் பார்த்தவர். அவர் வேட்டி மடிப்புல எப்பவும் அந்தக் கத்தி இருக்கும். சாக்குத் தையலைப் பிரிக்க, கயிறு அறுக்க, பேரப்பிள்ளைகளுக்குக் கொய்யாப்பழம் நறுக்க எல்லாத்துக்கும் அதுதான். அவர் போன பிறகு அது என் கைக்கு வந்தது. முப்பது நாற்பது வருஷம் சாணை பிடிச்சுப் பிடிச்சு அலகு பாதியாத் தேய்ஞ்சு போயிருந்தது. பின்னாடி இருக்கிற வில்லும் தளர்ந்து, மடக்கினா நிக்காது, திறந்தாலும் நிக்காது.

நான் என்ஜினியர் இல்லையா, உடனே 'அப்கிரேட்' பண்ணணும்னு தோணுச்சு. பிடியும் வடிவமும் தாத்தாவுடையதா இருக்கட்டும், அலகை மட்டும் நவீன ஸ்டீல்ல போடுவோம்னு முடிவு பண்ணேன். உலகம் முழுக்க இது நடக்கிற விஷயம்தான். பிரான்ஸ்ல 1890-ல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கின மரப்பிடி மடக்குக் கத்தி இன்னைக்கும் அதே வடிவத்துல வருது. சாதாரண கார்பன் ஸ்டீல் வேணுமா, துருப்பிடிக்காத ஸ்டீல் வேணுமான்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்காவுல இன்னும் ஒரு படி மேல. தாத்தா காலத்து டிசைன்ல, பவுடர் மெட்டலர்ஜி முறையில தயாரிச்ச எஸ்30வி மாதிரி ஸ்டீலைப் போட்டு விக்கிறாங்க.

இதையெல்லாம் ஒரு மாசம் படிச்சேன். டூல் ரூம்ல வேலை பார்க்கிற நண்பன்கிட்ட சொல்லி டி2 ஸ்டீல்ல ஒரு துண்டு வாங்கினேன். டி2-ங்கிறது அச்சு வெட்டுற டை செய்யப் பயன்படுற ஸ்டீல். ஏறக்குறைய 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். ஒரு தடவை தீட்டினா ரொம்ப நாள் கூர்மை நிக்கும். அதை எடுத்துக்கிட்டு நேரா திருப்பாச்சேத்திக்குப் போனேன்.

திருப்பாச்சேத்தியைத் தெரியாதவங்களுக்காக: மதுரையிலிருந்து மானாமதுரை போற ரோட்டுல, சிவகங்கை மாவட்டத்துல இருக்கிற ஊர். கீழடிக்குப் போற அதே பக்கம்தான், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகணும். அருவாளுக்குப் பேர் போன ஊர். 2005-ல விஜய் படம் வந்த பிறகு பேர் இன்னும் பரவிடுச்சு, ஆனா அருவா அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. வாழை வெட்ட, விறகு பிளக்க, கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்த, எல்லாத்துக்கும் இங்கிருந்து அருவா போகுது.

பட்டறையில இருந்த பெரியவர்கிட்ட ஸ்டீலைக் கொடுத்து என் பிளானைச் சொன்னேன். அவர் அதைத் தட்டிப் பார்த்தார், சாணையில வச்சு தீப்பொறியைப் பார்த்தார். "தம்பி, இது நம்ம பேச்சைக் கேக்காது. வேணாம்" என்றார். நான் விடலை. "ஐயா, இது அருவா செய்யிற பட்டையை விட நல்ல ஸ்டீல். நான் படிச்சிருக்கேன்" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்ப நினைச்சாலும் கூசுது. அவர் ஒண்ணும் சொல்லலை. உலையில வச்சார்.

சுத்தியல் அடி விழுந்தது. வழக்கமா நசுங்குற வேகத்துல அது நசுங்கலை. மறுபடி சூடாக்கி அடிச்சார். ஓரத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதைப் பார்த்த பிறகும் நான்தான், "பரவாயில்ல ஐயா, பதம் போட்டுப் பார்ப்போம்"னு சொன்னேன். சிவக்கக் காய்ச்சி தண்ணியில முக்கினார். 'டிங்'னு ஒரு சத்தம். அலகு ரெண்டு துண்டு.

தப்பு யார் மேல? முழுக்க என் மேலதான். ஏன்னு சொல்றேன்.

ஒரு ஸ்டீலோட ரசாயனத்துல பாதிக் கதைதான் இருக்கு. மீதிக் கதை அதை எப்படிச் சூடாக்கி எப்படி ஆறவைக்கிறோங்கிறதுல இருக்கு. டி2-வை அடிச்சு நீட்டுறதுக்கான வெப்ப இடைவெளி ரொம்பக் குறுகலானது. கொஞ்சம் ஆறினாலும் அடிக்கும்போது விரிசல் விடும். அதைக் கடினமாக்க 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல, சீரா, சில நிமிஷம் நிறுத்தி வைக்கணும். அப்புறம் வெறும் காத்துலயே அது இறுகிடும். தண்ணி தேவையே இல்லை. தண்ணியில போட்டா வெளிப்பக்கம் ஒரு வேகத்துல, உள்பக்கம் ஒரு வேகத்துல சுருங்கும். அந்த இழுபறியில உடைஞ்சிடும். அதாவது டி2, கன்ட்ரோலர் வச்ச மின்சார உலைக்குன்னு பிறந்த ஸ்டீல். நான் அதைக் கரி உலைக்குக் கொண்டு போய், அவரைக் குத்தம் சொல்லத் தயாரா நின்னேன்.

பெரியவர் உடைஞ்ச துண்டை எடுத்துப் பார்த்துட்டு, மூலையில கிடந்த லாரிப் பட்டையைக் காட்டினார். "இதுல செஞ்சு தரவா?" அம்புட்டுதான். சொல்லிக் காட்டவே இல்லை.

லாரிக்கு அடியில அடுக்கு அடுக்கா இருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டை. நம்ம ஊர் அருவாளுக்கு அதுதான் மூலப்பொருள். அது ஏதோ பழைய இரும்புன்னு நான் நினைச்சிருந்தேன். உண்மையில அது நல்லா வடிவமைக்கப்பட்ட இருபதாம் நூற்றாண்டு அலாய் ஸ்டீல். எஸ்யூபி9-ங்கிற ரகத்துல 0.52-லிருந்து 0.60 சதவீதம் கார்பன், கூடவே கொஞ்சம் குரோமியமும் மாங்கனீஸும் இருக்கும். பல டன் பாரத்தைத் தாங்கி, பள்ளத்துல விழுந்து எழுந்து, லட்சக்கணக்கான தடவை வளைஞ்சு நிமிரணும்னே செஞ்சது. டி2 அளவுக்குக் கூர்மை நிக்காது, ஆனா சட்டுனு உடையாது. கட்டையில ஓங்கி வெட்டுற அருவாளுக்கு எது வேணும்? இதுதான் வேணும்.

லாரி வர்றதுக்கு முன்னாடி லாரிப் பட்டை கிடையாது. ஆக, நாம 'பாரம்பரிய அருவா'ன்னு சொல்றதே, பழைய வடிவமும் நவீன ஸ்டீலும் சேர்ந்ததுதான். நான் கண்டுபிடிச்சதா நினைச்ச ஐடியாவை அந்த ஊர் எப்பவோ செஞ்சு முடிச்சிடுச்சு.

அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்தத் தடவை தெர்மோகப்பிள் ஒண்ணைக் கையோட எடுத்துக்கிட்டேன். பட்டறை ஏன் இருட்டா இருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. வெளிச்சத்துல இரும்போட நிறம் சரியாத் தெரியாது. அவர் நிறத்தைப் பார்த்து "இப்ப"ன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் மீட்டர் 850 டிகிரியை ஒட்டியே நின்னது. அந்த வகை ஸ்டீலுக்குப் புத்தகம் சொல்ற சூடும் அதேதான். என் கையில மீட்டர், அவருக்குக் கண்ணு.

அருவாளுக்கு அவர் பதம் போடுற விதமும் அழகு. வெட்டுற வாயை மட்டும் தண்ணியில தோய்ப்பார். முதுகுப் பக்கம் மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாய்ப் பக்கம் வந்து, அளவுக்கு மீறின கடினத்தைத் தணிக்கும். தேய்ச்ச இடத்துல வைக்கோல் நிறம் வரும், அப்புறம் செம்பழுப்பு, கடைசியா மயில்கழுத்து நீலம். எந்த நிறத்துல நிறுத்தணுங்கிறதுதான் தொழில். என் சின்ன அலகுக்கு தண்ணி வேணாம்னு எண்ணெயில தோய்ச்சார். வைக்கோல் நிறத்துல நிறுத்தினார், ஏறக்குறைய 220 டிகிரி. கத்தியை மடக்கித் திறக்கிற அந்தப் பின்வில்லையும் அதே பட்டையிலதான் வெட்டினார். அதை மட்டும் நீலம் வரைக்கும் விட்டார், 300 டிகிரி பக்கம். வாய்க்குக் கடினம் வேணும், வில்லுக்கு வளைஞ்சு கொடுக்கணும். ஒரே இரும்பு, ரெண்டு பதம், ரெண்டு குணம்.

இங்க ஒரு பழைய கதையையும் சொல்லணும். 1790-கள்ல பம்பாயிலிருந்து ஒரு டாக்டர், நம்ம நாட்டு உருக்குக் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அவங்க அதை 'வூட்ஸ்'னு எழுதினாங்க. கன்னட 'உக்கு', நம்ம 'உருக்கு' எல்லாம் அந்தச் சொல்லோட சொந்தக்காரங்க. 1795-ல அதைப் பத்தி ஜார்ஜ் பியர்சன் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். சோதனைக்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட்னு ஒரு லண்டன் கத்தி வினைஞர் அந்த உருக்குல என்ன செஞ்சார் தெரியுமா? ஒரு பேனாக்கத்தி! பின்னாடி அதே ஸ்டோடார்ட்கூடச் சேர்ந்து மைக்கேல் ஃபாரடே அலாய் ஸ்டீல் ஆராய்ச்சி பண்ணார். ஃபாரடேயோட அப்பாவும் கொல்லர்தான். அன்னைக்கு லண்டன்காரங்களுக்கு நம்ம உருக்குதான் புது ஸ்டீல். நம்ம கொடுமணல்ல அகழாய்வு செஞ்சப்போ, இரும்பு உருக்கின உலைகளும் மூசைத் துண்டுகளும் கிடைச்சிருக்கு.

சரி, அப்ப எந்த ஸ்டீல் நல்லது? எலுமிச்சை, மாங்காய், சமையலறை ஈரம்னா துருப்பிடிக்காத ஸ்டீல் வாங்குங்க. கார்பன் ஸ்டீல்ல நெல்லிக்காய் நறுக்கினா கறுக்கும், துடைக்காம வச்சா துருப்பிடிக்கும். ஆனா வீட்டுக் கல்லுலயே அஞ்சு நிமிஷத்துல தீட்டிடலாம். எஸ்30வி வாங்கினா மாசக்கணக்கில் தீட்ட வேணாம், ஆனா தீட்டுற அன்னைக்கு வைரக்கல்லைத் தேடணும்.

சட்டம் பத்தியும் கேப்பீங்க. ஆயுத விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதப் பட்டியல்ல வச்சிருக்காங்க. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செஞ்ச கருவிகளுக்கு அதுல விலக்கு உண்டு. அதுக்காக கோயில், ஏர்போர்ட், மெட்ரோவுக்கெல்லாம் கத்தியோட போகாதீங்க.

2021 செப்டம்பர்ல போலீஸ், பட்டறைகள்ல வாங்குறவங்க பேர், முகவரியைப் பதிவு பண்ணச் சொன்னாங்க. பெரியவரும் ஒரு நோட்டை நீட்டினார். என் பேரை எழுதும்போது சொன்னார்: "வாழை வெட்டுறவன் பேரை யாரும் படம் எடுக்க மாட்டான் தம்பி. வெட்டுக்குத்து நடந்தா மட்டும் எங்க ஊர் பேர் பேப்பர்ல வரும்." அவர் மகன் வேற வேலைக்குப் போயிட்டார். பொண்ணு பார்க்கப் போன இடத்துல "அருவாப் பட்டறையா?"ன்னு கேட்டாங்களாம்.

கிளம்பும்போது அவரே கேட்டார். "அந்த உடைஞ்ச இரும்புக்கு ஏத்த உலை எம்புட்டு ஆகும்?" நான் அசந்துட்டேன். அந்த டி2 துண்டை அவர் தூக்கி எறியலை, ஜன்னல் ஓரத்துல வச்சிருந்தார். இப்ப ஒரு சின்ன மின்சார உலையும் கன்ட்ரோலரும் சேர்த்து நாங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு இருக்கோம். கன்ட்ரோலர் கோடு என்னோடது. எப்ப எடுக்கணும்னு சொல்றது அவர்தான்.

புதுக் கத்தி இப்ப என் பையில இருக்கு. அலகு லேசா ஆடும், ஃபினிஷிங் கடைக் கத்தி மாதிரி இருக்காது. நேத்து அப்பத்தாவுக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்தேன். மடக்கும்போது வந்த 'டக்' சத்தத்தைக் கேட்டதும் அவங்க ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தாங்க. அப்புறம், "உப்பு, மிளகாப்பொடி எங்கடா?"ன்னு கேட்டாங்க.

உங்க வீட்டுல பழைய கத்தி, பாக்குவெட்டி, அருவாமனை ஏதாவது இருந்தா, அதை யார் செஞ்சாங்கன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.